வருந்துகிறோம் அக்கா

அந்த வாஷிங் மெஷின் கம்பெனியில் அவளுடைய சொந்தப் பேர் யாருக்கும் நினைவில்லை. கம்பெனியின் ஃபேஸ்புக் பக்கத்தில் யார் குறை எழுதினாலும் "உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்று தொடங்கிப் பதில் போடுவது அவள் வேலை. ஆகவே எல்லோருக்கும் அவள் வருந்துகிறோம் அக்கா. உண்மையில் அவள் எதற்கும் வருந்துகிற ஆளே இல்லை.

வாடிக்கையாளர் திட்டத் திட்ட அவளுக்கு உற்சாகம் பிறக்கும். கதவு திறக்கவில்லை என்று ஒருவர் எழுதினால், எந்த மாடல், உள்ளே தண்ணீர் நிற்கிறதா என்று துருவித் துருவிக் கேட்டு, மெக்கானிக்கை அனுப்பிவிட்டுத்தான் ஓய்வாள். ஜன்னலோரத்து அந்த நாற்காலி என்றால் அவளுக்கு உயிர்.

அதற்குத்தான் வேட்டு வைத்தார் மேனேஜர். புதிதாக ஒரு சாஃப்ட்வேர் வாங்கி வந்தார். மக்கள் எழுதுவதை அதுவே படிக்கும். பாராட்டென்றால் பச்சை, குறையென்றால் சிவப்பு. பதிலும் அதுவே போட்டுவிடும்.

"ஒரு மாசம் ஓட்டிப் பாக்கலாம்மா. நல்லா வேலை செஞ்சா உங்களை குடோனுக்கு மாத்திடலாம்" என்றார், ஏதோ பதவி உயர்வு தருவதுபோல. குடோனில் அட்டைப் பெட்டிகளோடுதான் பேச வேண்டும். பெட்டிக்குத் திட்டத் தெரியாது.

வயிறு எரிய வீட்டுக்கு வந்து மாமியாரிடம் கொட்டினாள். மாமியார் நேராக ஒரு சொல் பேசி அறியாதவர். சமையலில் உப்பு கூடினால், "கடலே வீட்டுக்கு வந்துடுச்சு, இனி பீச்சுக்குப் போற செலவு மிச்சம்" என்பார். அந்த வீட்டில் இத்தனை வருஷம் குப்பை கொட்டியதில், எது வாழ்த்து எது வசவு என்று பிரிக்கும் வித்தை மருமகளுக்கு அத்துப்படி.

"அந்த சாஃப்ட்வேருக்குத் தமிழ் தெரியுமா?" என்று கேட்டார் மாமியார்.

"அகராதி மொத்தமும் மனப்பாடமாம், அத்தை."

"என் தமிழ் தெரியுமான்னு கேட்டேன்."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கைப்பேசியை வாங்கி, அந்தப் பக்கத்தில் எழுதினார்: "உங்க மெஷின் வந்ததிலேர்ந்து எங்க வீட்ல மாமியார் மருமக சண்டையே இல்ல. அது ஓடுறப்ப யார் திட்டினாலும் யாருக்கும் கேக்காது."

சாஃப்ட்வேர் பச்சை காட்டியது. "மிக்க நன்றி. உங்கள் இல்லத்தின் அமைதியே எங்கள் லட்சியம்" என்று பதிலும் போட்டது.

அதைப் பார்த்த மற்ற வாடிக்கையாளர்களுக்கு விஷயம் விளங்கிவிட்டது. சும்மா விடுவார்களா? "குளியலறையில வெச்ச மெஷின், துணி பிழியறப்ப ஹாலுக்கே நடந்து வந்து எங்களோட டிவி பாக்குது. என்ன பாசம்." பச்சை. "வெள்ளைச் சட்டை போட்டேன், நீலமா எடுத்தேன். ஒரு சட்டை விலையில ரெண்டு சட்டை. நீங்க வள்ளல்." அதுவும் பச்சை. மேனேஜர் சீட்டியடித்துக்கொண்டு நடந்தார். வருந்துகிறோம் அக்கா வாயைத் திறக்கவில்லை. கேட்டால்தானே சொல்வதற்கு?

மாசக் கடைசியில் முதலாளி வந்தார். திரை முழுக்கப் பச்சை.

"பத்துல ஒம்பது பேர் நம்மளைப் பாராட்டுறாங்க, ஐயா" என்றார் மேனேஜர்.

முதலாளிக்கு வாயெல்லாம் பல். ஒன்றையாவது வாய்விட்டுப் படிக்க ஆசைப்பட்டு, அதிக லைக் வாங்கி மேலே இருந்ததை எடுத்தார். அது மாமியார் எழுதியது. முதல் வரிக்குச் சிரித்தார். இரண்டாவது வரியில் சிரிப்பு நின்றது.

"இது பாராட்டாப்பா?"

"சாஃப்ட்வேர் அப்படித்தான் சொல்லுது, ஐயா."

"எழுதினது யாரு?"

ஜன்னலோரத்தில் இருந்த வருந்துகிறோம் அக்கா, நாற்காலி போனாலும் போகட்டும் என்று எழுந்து நின்றாள்.

"எங்க மாமியார்தான், ஐயா. மெஷின் சத்தம் தாங்கலன்னு சொல்றாங்க."

முதலாளி அந்த வரியை இன்னொரு முறை படித்தார்.

"எங்க வீட்லயும் இதே மெஷின்தான். 'உங்க மெஷின் பாடுற பாட்டுக்கு ஈடே இல்ல'ன்னு எங்க வீட்டம்மா தினம் சொல்றா. நானும் பெருமைப்பட்டுக்கிட்டு இருந்தேன்" என்றார் மெல்ல.

சாஃப்ட்வேரைக் குடோனுக்கு மாற்றினார்கள், பெட்டிக் கணக்குப் பார்க்க. நாற்காலி அவளிடமே நின்றது.

அன்று மாலை அவள் விஷயத்தைச் சொன்னதும், ஆறாமல் மூடி வைத்திருந்த காபியை மாமியார் அவள் பக்கம் நகர்த்தினார்.

"வேலை போகலையா? தப்பிச்சேன். பகல்லயும் உன்னை யாரு கட்டி மேய்க்கிறது" என்றார்.

சாஃப்ட்வேராக இருந்தால் அதைச் சிவப்பில் போட்டிருக்கும். அவள் பச்சையில் போட்டுக்கொண்டு காபியைக் குடித்தாள்.