பிசினில் ஒட்டிய துப்பாக்கி

எங்கள் ஊர்த் தைமி ரௌனியோ துப்பாக்கியைத் தோளில் வைத்துக் குறி பார்த்தால், சுப்பீரியர் ஏரியின் அக்கரையில், கனடாவில் உட்கார்ந்திருக்கும் கொசு மீசையைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குள் போய்விடும். இதில் கொஞ்சம் ஊதல் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். அமெரிக்கப் பக்கத்து எங்கள் கரையிலிருந்து கனடா தெரியாது. மான் வேட்டை நடக்கும் நவம்பரில் கொசுவும் கிடையாது. ஆனால் இந்தக் கதைக்கு முந்தைய இரண்டு வருஷங்களில் தைமியின் குண்டு ஒரு மானின் மயிரைக்கூடத் தொடவில்லை என்பது கலப்படமில்லாத உண்மை.

அதற்குச் சாட்சி வேட்டைக் குடிலின் சுவரில் தொங்கியது. எங்கள் பக்கத்துக் குடில்களில் ஒரு வழக்கம் உண்டு. மானைச் சுட்டுத் தவறவிட்டவரின் சட்டையைப் பின்பக்கம் ஒரு முழம் கத்தரித்து, பெயரும் வருஷமும் எழுதிச் சுவரில் ஆணியடித்து விடுவார்கள். அங்கே தைமியின் பெயரில் இரண்டு துண்டுகள் இருந்தன. ஒன்று சிவப்புக் கட்டம், ஒன்று பச்சைக் கட்டம். தொடர்ந்து மூன்று வருஷம் தவறவிட்டால், மானுக்காகக் காத்து உட்காரும் இடத்தை அடுத்தவருக்கு விட்டுக்கொடுக்க வேண்டும் என்பது குடிலின் சட்டம். அதைப் போட்டவர் தைமியின் அப்பாவேதான். தன் மகள்மேலேயே அது வந்து விழும் என்று பாவம் அவர் எங்கே கண்டார்?

தைமியின் இடம் பீவர் அணை. பீவர் என்ற நீர்ப் பிராணிகள் மரத்தைக் கடித்துப் போட்டுத் தண்ணீரைத் தேக்கிய அந்த மேட்டில், எரிந்துபோன அடிமரம் ஒன்று முதுகுக்குச் சாய்வாக நிற்கும். அப்பா முப்பது வருஷம் சாய்ந்த மரம். அவர் செத்த பிறகு அது தைமிக்கு வந்தது. வரிசையில் அடுத்து நின்றவன் அவள் சித்தப்பா மகன் ஆர்மாஸ். அவனுடைய இடம் அணைக்குக் கீழே, சேற்றில். விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை கால் ஈரம்.

தைமி பள்ளிக்கூடத்துச் சமையல்காரி. பால்காரன் வைத்துவிட்டுப் போகும் புட்டியை முகர்ந்து பார்க்காமல் உள்ளே எடுக்க மாட்டாள். பாதிரியார் வழியில் பார்த்து, "நல்லா இருக்கியா தைமி?" என்று கேட்டால், "ஏன், யாரு என்ன சொன்னாங்க?" என்பாள். அவளைப் பெண் கேட்டு வந்த ஒருவன் கையில் பூ இருந்ததாம். இந்தக் குளிர்காலத்தில் பூ எங்கே கிடைத்தது என்று அவள் விசாரித்த விசாரணையில் அவன் வேறு ஊருக்கே குடிபோய்விட்டான். இதையும் பாதியாக எடுத்துக்கொள்ளுங்கள். அவன் பக்கத்துத் தெருவுக்குத்தான் போனான்.

அப்படிப்பட்டவளுக்குத் துப்பாக்கி விஷயத்தில் சந்தேகம் வராமல் இருக்குமா? அது பட்டாளத்தில் வேண்டாம் என்று கழித்துக் கட்டியதைத் தபாலில் வரவழைத்து அப்பா வாங்கிய பழைய துப்பாக்கி. நீளம், கனம், குழலின் நுனிவரை மூடிய மரக்கட்டை. ஆகஸ்டில் ஜல்லிக் குழியில் வைத்துச் சுட்டால் தகர டப்பாவின் நடுவில் படும். நவம்பரில் குடிலுக்குப் போனால் இடதுபக்கம் இழுக்கும். ஊரில் நேராகவும் குடிலில் கோணலாகவும் ஒரு துப்பாக்கி சுடுமானால், குடிலில் எவனோ அதைத் தொடுகிறான். எவன்? கால் ஈரமாக உட்கார்ந்திருப்பவன்தான்.

முதல் வருஷம் தவறியதும் குழல் நுனியில் குறி பார்க்கும் முள்ளின் அடியில் நகச்சாயத்தால் ஒரு சிவப்புக் கோடு இழுத்து வைத்தாள். முள்ளை யாராவது நகர்த்தினால் கோடு உடைந்து காட்டிக்கொடுக்கும். இரண்டாம் வருஷம் கோடு அப்படியே இருந்தது. மான் தப்பித்தது. தைமி விட்டாளா? ஆர்மாஸின் பெண்டாட்டியிடமும் அதே சிவப்பில் நகச்சாயம் இருப்பதைத் தேவாலயத்தில் அவள் விரலைப் பார்த்துக் கண்டுபிடித்தாள். நகர்த்திவிட்டு மறுபடி கோடு போட எவ்வளவு நேரம் ஆகும்?

மூன்றாம் வருஷம் அக்டோபர் முழுக்க மழை. துப்பாக்கிக் கிளப்புக்காரர்களின் பழைய பத்திரிகை ஒன்றில் படித்த சோதனையைத் தைமி செய்து பார்த்தாள். குழலுக்கும் கட்டைக்கும் நடுவே ஒரு காகிதத் துண்டை நுழைத்து இழுத்தாள். அடுப்படியில் காய்ந்திருந்த துப்பாக்கியில் காகிதம் வழுக்கிக்கொண்டு போனது. இரண்டு நாள் விறகுக் கொட்டகையில் ஈரக்காற்றில் வைத்துவிட்டு நுழைத்தால் பாதி வழியில், வலதுபக்கம் மாட்டிக்கொண்டது. ஈரத்தில் மரம் உப்பி, குழலை வலமிருந்து இடமாகத் தள்ளியிருக்கிறது. இரண்டு வருஷத்துத் திருடன் கட்டைதான். தைமிக்குச் சந்தோஷத்தைவிட ஏமாற்றம் அதிகம். ஒரு மரத்தின் மேல் எவ்வளவு நேரம் கோபப்பட முடியும்?

சமையலறை மேசையில் வேலை ஆரம்பமானது. நுனிவரை இருந்த கட்டையைப் பாதியோடு அறுத்தாள். துடைப்பக் கம்பில் உப்புக்காகிதத்தைச் சுற்றி, குழல் படுக்கும் பள்ளத்தை எங்கும் உரசாதபடி அகலமாகத் தேய்த்தாள். குழல் கட்டையைத் தொடாமல் நிற்கலாம். ஆனால் தோட்டா வெடிக்கும் இரும்பு உடல் கட்டையில் இம்மியும் அசையாமல் உட்கார வேண்டும். அதற்கு இரண்டு டப்பாவில் வரும் பிசினைக் கலந்து ஊற்றி, அது இறுகும் முன்னால் இரும்பை அதில் அழுத்தி வைப்பார்கள். இரும்பின் வடிவம் அப்படியே பிசினில் பதிந்துவிடும். இரும்பு மட்டும் ஒட்டக்கூடாது.

இந்த நேரம் பார்த்துத்தான் ஆர்மாஸ் கதவைத் தட்டினான். கையில் ஒரு தகர டப்பா.

"பிசின் வாங்கினியாமே, கடையில சொன்னாங்க. இந்தா, தரைக்குப் போடுற மெழுகு. இரும்புல நல்லாத் தடவிட்டு அப்புறம் வை. இல்லேன்னா ரெண்டும் கல்யாணம் பண்ணிக்கும், பிரிக்க முடியாது."

"உனக்கு என்ன அக்கற?"

"அக்கற என்ன? எங்கிட்ட மீதி இருந்துச்சு."

"என் துப்பாக்கி நேராச் சுட்டா உனக்கு இந்த வருஷமும் சேறுதான், தெரியும்ல?"

"தெரியும். காப்பி போடுவியா, அப்படியே போகவா?"

"அடுப்பு அணைஞ்சுபோச்சு" என்றாள் தைமி. அடுப்பு அவள் முதுகுக்குப் பின்னால் எரிந்துகொண்டிருந்தது.

அவன் போனதும் டப்பாவைத் திறந்து முகர்ந்தாள். டர்பன்டைன் நெடி. ஒருவன் தனக்கு நஷ்டமாகிற காரியத்துக்கு மெழுகைத் தூக்கிக்கொண்டு வீடு தேடி வருவானா? இதில் பிசினை இறுகவிடாமல் செய்கிற எதையோ கலந்திருக்கிறான். டப்பாவை அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டு, தன் கையால் உருக்கிய பன்றிக் கொழுப்பை எடுத்தாள். ரொட்டித் தட்டில் மாவு ஒட்டாமல் இருக்கத் தடவுகிற அதே கொழுப்பு. ரொட்டிக்கு ஆகும் என்றால் பிசினுக்கு ஆகாதா?

ஆகவில்லை. அடுப்புச் சூட்டில் கொழுப்பு உருகி ஓரமாக ஒதுங்கிக்கொண்டது. பிசின் கல்லாக இறுகியது. மறுநாள் திருகாணிகளைக் கழற்றிவிட்டு இழுத்தாள், தட்டினாள், முழங்காலில் இடுக்கி முறுக்கினாள். இரும்பும் மரமும் ஒரே உடம்பாக இருந்தன. பிசின் வழிந்து விசைக்குள்ளும் இறங்கியிருந்ததால் சுடவும் வழியில்லை. வேட்டை தொடங்க மூன்றே நாள். சுடாத துப்பாக்கியோடு உட்கார்ந்தால் அதுவும் தவறவிட்டதற்குச் சமம்தான். அணை போய்விடும்.

ஊறுகாய்ப் புட்டியின் தகர மூடி இறுகினால் சுடுதண்ணீரில் காட்டித் திறக்கிற ஞாபகம் அவளுக்கு வந்தது. சூட்டில் தகரம் விரியும் என்றால் குளிரில் இரும்பு சுருங்கும். வெளியே பார்த்தால் மழைதான் பெய்கிறது, பனி இல்லை. துப்பாக்கியைக் கம்பளியில் சுற்றிக்கொண்டு, ஊருக்கே இறைச்சியை உறையவைத்துக் காக்கும் குளிர்க்கிடங்குக்குப் போனாள். அங்கே வீட்டுக்கு ஒரு கம்பிப் பெட்டி உண்டு. கிடங்கை வைத்திருந்தவர் கசாப்புக்காரர் யால்மரி. வேட்டைக் குடிலுக்குச் சமையல்காரரும் அவர்தான். யாரும் பார்க்காதபோது தன் பெட்டியில், பழைய மீன் பொட்டலங்களுக்கு அடியில் அதைச் செருகினாள் தைமி. மறுநாள் காலையில் எடுக்கப் போனபோது யால்மரி பெட்டிக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"ஏம்மா, உள்ள இருக்கிறது என்ன மீனு? விசையெல்லாம் இருக்கு."

"எம் பெட்டிய நீங்க ஏன் மாமா தொறந்தீங்க?"

"கம்பிப் பெட்டிக்குத் தொறக்க வேற வேணுமா? சீசனுக்கு முன்னாடியே மான அடிச்சிட்டு மறைக்கிறியா? வனக் காவலர் வந்து கேட்டா நான் என்ன சொல்றது? பண்டிகைக்கு மீன ஊறப் போடுற மாதிரி துப்பாக்கிய ஊறப் போட்டிருக்காளுங்க ஐயான்னு சொல்லட்டா?"

வேறு வழியில்லாமல் தைமி நடந்ததைச் சொன்னாள். யால்மரி சிரித்த சிரிப்பில் அவர் நாற்காலி கிறீச்சிட்டது. ஒருவர் பிடிக்க, ஒருவர் அடிக்க வேண்டிய வேலை அது. அவருடைய கைகளோ மூட்டு வாதத்தில் வளைந்தவை. இறைச்சி வாங்க வந்து நின்ற ஆர்மாஸை அவர் கைதட்டிக் கூப்பிட்டார். தைமி தடுப்பதற்குள் அவன் உள்ளே வந்துவிட்டான். தைமி குழலைப் பிடித்துக்கொள்ள, கேள்வி கேட்காமல் ரப்பர் சுத்தியலால் கட்டையை மெதுவாகத் தட்டிக்கொண்டே வந்தான். எங்கோ ஐஸ் வெடிப்பதுபோல் ஒரு சத்தம். விசைக்குள் இறங்கிய பிசினும் உதிர, இரும்பு கழன்று அவள் கையில் வந்தது. கட்டையில் பதிந்திருந்த பிசின் படுக்கை கண்ணாடி மாதிரி மின்னியது.

"என்ன தடவின?"

"பன்னிக் கொழுப்பு."

"நான் குடுத்த மெழுகு?"

"அலமாரில இருக்கு."

"அதுல விஷம் வச்சேன்னு நெனச்சியா?"

"விஷம்னா நாய்க்குப் போட்டுப் பாத்திருப்பேன். மெழுக எந்த நாய் திங்கும்?"

அன்றைக்கு மதியமே கொட்டும் மழையில் ஜல்லிக் குழிக்குப் போனாள். நனைந்த கட்டையோடு சுட்ட குண்டுகள் எல்லாம் ஒரு காப்பிக் கோப்பையால் மூடக்கூடிய இடத்தில் விழுந்தன. நேராக. தைமி நனைந்தபடி நின்று யோசித்தாள். எல்லாம் சரியாக இருக்கிறது. எல்லாம் சரியாக இருப்பதுதான் சரியாகப் படவில்லை.

நவம்பர் பதினைந்து, வேட்டையின் முதல் நாள். எங்கள் பக்கத்தில் அன்றைக்குப் பள்ளிக்கூடமே கிடையாது, பிறகு சமையல்காரிக்கு என்ன வேலை? விடியும்போது அவள் அணை மேட்டில் இருந்தாள். எதிர்ச் சரிவைக் காகித ஆலைக்காரர்கள் கோடையில் மொட்டையடித்திருந்தார்கள். இதுவரை மரங்களுக்குப் பின்னால் இருந்த பாறை இப்போது முகத்தை நீட்டிக்கொண்டு நின்றது. அவளுக்கு அந்தப் பாறையின் பார்வையே பிடிக்கவில்லை. வெளிச்சம் நன்றாக வந்தபோது ஒரு கொம்பன் மான் தண்ணீரோரமாக வந்து நின்று தலையைத் தூக்கியது. தைமி மூச்சை விட்டு, விசையை அழுத்தினாள்.

வெடித்தது. அது அடங்குவதற்குள் இன்னொரு வெடி. மான் ஒரு துள்ளு துள்ளி, அணைக்குக் கீழே ஓடும் கால்வாயைத் தாண்டிப் புதருக்குள் மறைந்தது.

உடனே துரத்தினால் அடிபட்ட மான் ஊரைத் தாண்டி ஓடும் என்பதால், அப்பா சொல்லிக்கொடுத்தபடி ஒரு குவளைக் காப்பி குடிக்கும் நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு சுற்றிவந்து புதரை விலக்கினாள். மான் விழுந்து கிடந்தது. அதன் பக்கத்தில், துப்பாக்கியோடு, ஆர்மாஸ் நின்றுகொண்டிருந்தான்.

"நல்ல அடி, தைமி" என்றான்.

அவள் குனிந்து மானைப் புரட்டினாள். மானின் உடம்பில் ஒரே ஒரு காயம். குண்டு மறுபக்கமாகத் துளைத்து வெளியே போயிருந்தது. இரண்டு வெடி, ஒரு காயம்.

யால்மரி சறுக்கு வண்டியைக் கொண்டுவந்து மானைக் குடிலுக்கு இழுத்துச் சேர்த்தார். மற்றவர்கள் இன்னும் காட்டிலிருந்து திரும்பவில்லை. அடுப்பில் வெங்காயம் வதங்கிக்கொண்டிருந்தது. தைமி கத்தரிக்கோலை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"வெட்டுங்க எஞ் சட்டைய. என் குண்டு தப்பிருச்சு. இவன் சுட்டதுதான் பட்டிருக்கு."

"நான் சுடவே இல்ல" என்றான் ஆர்மாஸ்.

"ரெண்டாவது வெடி எங்காதுல விழுந்துச்சு."

"இந்தா, குழல மோந்து பாரு. தோட்டா எண்ணிக்கோ, எல்லாம் உள்ள இருக்கு."

தைமி முகர்ந்தாள். எண்ணெய் வாசனைதான். "தொடச்சுட்டு மறுபடி போட்டிருப்ப. எனக்குப் பிச்ச போடப் பாக்கிற. வருஷம் பூரா ஊர்ல சொல்லிக் காட்டலாம்ல, பாவம்னு அணைய அவளுக்கே விட்டேன்னு."

"யால்மரி மாமா, இவள என்ன செய்யிறது?"

யால்மரி வெங்காயத்தைக் கிளறியபடியே சொன்னார்: "நானும் வாசல்ல நின்னு ரெண்டு சத்தத்தையும் கேட்டேன். முதல் சத்தம் அணையிலிருந்து வந்துச்சு. ரெண்டாவது பாறையிலிருந்து. அந்தப் பாறைக்கு யாரு துப்பாக்கி வாங்கிக் குடுத்தது?"

"பாறை போன வருஷமும் அங்கதான் இருந்துச்சு. அப்ப ஏன் கத்தல?"

"அப்ப அது வாயில மரம் இருந்துச்சு. இப்ப வெட்டிட்டாங்க."

தைமி கத்தரிக்கோலை மேசையிலேயே விட்டாள். பிறகு துப்பாக்கியை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். ஆர்மாஸையும் வரச்சொல்லி, கைகளைக் கால்சட்டைப் பையில் வைத்துக்கொண்டு தன் கண்ணெதிரே நிற்கச் சொன்னாள். அருகிலிருந்த மண்மேட்டில் ஒரு குண்டைச் செலுத்தினாள். வெடி. சற்றுக் கழித்துத் தூரத்திலிருந்து, யாரோ பதில் சுட்டதுபோல் இன்னொரு வெடி. ஆர்மாஸின் கைகள் பையிலேயே இருந்தன. ஒருமுறை தற்செயலாக இருக்கலாம் என்று அவள் இன்னொரு குண்டையும் சுட்டாள். பாறை அதற்கும் பதில் சொன்னது.

உள்ளே வந்து கத்தரிக்கோலை ஆணியில் மாட்டினாள். இரண்டு கோப்பையில் காப்பி ஊற்றி, ஒன்றை ஆர்மாஸ் பக்கமாகத் தள்ளினாள். தள்ளிய கோப்பையை அவன் முகர்ந்து பார்த்துவிட்டுக் குடித்தான்.

"சரி, அணை எனக்குத்தான்" என்றாள் தைமி. "ஒரே குண்டு. நின்ன எடத்துலயே சுருண்டு விழுந்துச்சு. யாரு ஒத்தாசையும் இல்ல."

"நின்ன எடத்துல விழல பொண்ணே" என்றார் யால்மரி, அடுப்பைவிட்டுத் திரும்பாமல். "கால்வாயத் தாண்டி ஓடிச்சு. ரத்தத்தப் பாத்துக்கிட்டே தண்ணிக்குள்ள எறங்கித் தேடினவன் இவன். அவன் பூட்ஸக் கவுத்துப் பாரு, உன் அணைத் தண்ணி பாதி அதுலதான் இருக்கு."