தேன்காட்டு வாசலில் தைலம்

கொரட்டூர் வீட்டைப் பூட்டும் முன்பே என் கணவரின் பையைச் சோதனை போட்டுவிட்டேன். பவுடர், சென்ட், வாசனை எண்ணெய் எல்லாம் பீரோவுக்குள் போயின. நாங்கள் கிளம்பியது கோடாலியே படாத ஒரு மலைக்காட்டுக்கு. அங்கே மரத்துண்டைக் குடைந்து, களிமண் பூசி, கிளையில் கட்டித் தேனீ வளர்க்கிறார்கள். தலைமுறை தலைமுறையாக வரும் வழக்கம். வாசனையோடு வருகிறவர்களை உள்ளே விடமாட்டார்கள், தேனீ மிரளுமாம். வருஷக்கணக்காக நச்சரித்து நான் வாங்கிய பயணம் இது.

“பவுடர் இல்லாம ரேஷன் கடைக்குக்கூட போனதில்ல. மூஞ்சி இன்னா மாதிரி கீது பாரு,” என்று வழியெல்லாம் புலம்பினார். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

காலையில் வேன் மலையேறியது. எனக்கோ இருப்புக் கொள்ளவில்லை. காட்டு வாசலில் வழிகாட்டிப் பெண் ஒவ்வொருவராக மோந்து பார்த்து அனுப்பினாள். கணவர் தேறிவிட்டார். என்னிடம் வந்ததும் நின்றாள்.

“அக்கா, தைலம் மணக்குதே.”

பகீரென்றது. கொண்டை ஊசி வளைவுகளில் குமட்டியபோது நெற்றி, கழுத்து என்று அப்பிக்கொண்டிருந்தேன். மலைப்பாதை என்றால் தைலம்; அதையெல்லாம் வாசனைக் கணக்கில் யார் சேர்ப்பார்கள்?

“ஊருக்குத்தான் உபதேசமா?” என்று கணவர் சிரித்தார். என் கண் கலங்கியதைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினார். “மத்தவங்க போவட்டும்மா. இவ இல்லாம நான் மட்டும் போயி இன்னா பண்றது?”

“ஓடையில தேய்ச்சுக் கழுவிட்டு வாங்க. வெயில் ஏறிட்டா யாரையும் விடமாட்டோம்,” என்றாள் அவள்.

ஓடினோம். அவர் ஓடை மண்ணை அள்ளி என் கழுத்தில் பாத்திரம் தேய்ப்பதுபோலத் தேய்த்தார். தோல் எரிந்தது. திரும்பி வந்தபோது மரங்களுக்கிடையே வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. அவள் குனிந்து மோந்தாள். நான் மூச்சை அடக்கிக்கொண்டேன்.

“சரி, வாங்க.”

மரங்களா அவை! இருவரும் கைகோர்த்தும் ஒன்றைக்கூடச் சுற்றிப் பிடிக்க முடியவில்லை. தலைக்கு மேலே, குடைந்த கட்டைகளிலிருந்து ரீங்காரம். ஒரு தேனீ வந்து என் நெற்றியிலேயே உட்கார்ந்தது. அசையாமல் நின்றேன். கணவர் வாயைப் பொத்திக்கொண்டார். அது கொஞ்சம் ஊர்ந்து பார்த்துவிட்டுப் பறந்தது. சந்தோஷத்தில் கத்த வேண்டும் போலிருந்தது, கத்தவில்லை.

கிளம்பும்போது அந்தப் பெண் தேன் வடித்த அடையில் ஒரு துண்டு தந்தாள்.

இறங்கும் வழியில் மறுபடி குமட்டியது. கணவர் தைலத்தை நீட்டினார். வேண்டாம் என்று தள்ளிவிட்டு, மெழுகு மணக்கும் விரல்களை மோந்துகொண்டே மலையிறங்கினேன்.