கண்மாய்க்கு அக்கரைக் கொட்டு

எங்கள் பஞ்சாயத்துக் கிராம சபையில் தீர்மானங்களை வாசிக்கும்போதெல்லாம், கடைசியில் அமர்ந்திருப்போர்க்குக் கேட்கிறதா என்று நான் எழுந்து வினவுவது வழக்கம். இளைஞர்கள் சிரிப்பார்கள். அதில் தவறில்லை, எங்கள் செவலைப் பசுவை அவர்கள் அறியமாட்டார்கள்.

உசிலம்பட்டிக்கு மேற்கே எங்கள் ஊர். நான் சிறுமியாயிருந்த காலத்தில், சினையாயிருந்த அப்பசு ஒருநாள் கயிற்றை அறுத்துக்கொண்டு போயிற்று. அது ஈன்றால்தான் கைக்குழந்தையாயிருந்த தம்பிக்குப் பால். அம்மாவுக்கு ஓரிடத்தில் நிலைகொள்ளவில்லை. உலையை ஏற்றிவிட்டு வாசலுக்கு வருவார், திரும்புவார், மறுபடியும் வருவார். அப்பாவும் சித்தப்பாவும் சந்தைவரை தேடிவிட்டு வெறுங்கையோடு திரும்பினர்.

அன்று மாலை, வறண்டு கிடந்த கண்மாய்க்கு அப்பாலுள்ள ஊரில் தண்டோரா போட்டார்கள். கொட்டுச் சத்தம் தெளிவாக வந்தது. அதன்பின் கூவிய சொற்கள் எதிர்க்காற்றில் கரைந்துபோயின.

"என்னன்னு போயிக் கேட்டுட்டு வாங்களேன்" என்றார் அம்மா.

"அவனுக பஞ்சாயத்து வாசல்ல போயி நான் நிக்கவா? மடைத் தண்ணிய மறிச்ச பயலுக" என்றார் அப்பா.

"சாவலக் காணோம்னாலும் கொட்டடிப்பானுக மதினி. நீங்க சோத்தப் போடுங்க" என்று சித்தப்பா சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை.

சில நாள் கழித்து, ஆடு மேய்ப்பவர் ஒருவர் விவரம் சொன்னார். பயிரில் மேய்ந்த செவலையை அந்த ஊர்ப் பஞ்சாயத்தார் பிடித்துத் தொழுவத்தில் அடைத்திருந்தனர். உரியவர் எவரும் வராமையால் ஏலத்தில் விட்டுவிட்டனர். அப்பா என் கையைப் பற்றிக்கொண்டு, செருப்பும் அணியாமல் விரைந்தார்.

பஞ்சாயத்து எழுத்தர் மரியாதையாகவே பேசினார்.

"முறையாத் தண்டோராப் போட்டமேண்ணே. ஒங்க ஊருக்குக் கேக்கலையா?"

"கொட்டு கேட்டுச்சு."

"பெறகென்ன?"

அப்பா ஓரடி முன்னால் வந்தார். "யாருய்யா ஓட்டிட்டுப் போனது? அதையாச்சும் சொல்லு."

"அதெல்லாம் வெளியூர் ஆளுககிட்டச் சொல்றதில்லண்ணே."

முறையாகத் தண்டோராப் போட்டதாக எழுத்தர் சொன்னது எனக்கு நியாயமாகவே பட்டது. கண்மாய்க்குள் இறங்கி நடக்கையில், "நமக்குத்தேன் கேட்டுச்சுல்லப்பா?" என்றேன்.

அப்பா என் கையை விட்டுவிட்டார். வீடு வந்து சேரும்வரை அவர் ஏன் அதை மறுபடி பற்றவில்லை என்பது எனக்கு அன்று விளங்கவில்லை.