வெடிப்பெட்டியில் போன டைரிகள்

சிவகாசியில் டைரி அச்சடித்து, ஒரு பெரிய இணைய விற்பனைத் தளத்தில் விற்றுவந்தேன். ஒரு டிசம்பரில், நான் பட்டாசு அனுப்பியதாகப் புகார் என்று சொல்லி என் கணக்கை முடக்கிவிட்டார்கள். ஊர் வழக்கப்படி டைரிகளைக் காலி வெடிப்பெட்டியில் கட்டி அனுப்பியிருந்தேன்.

“வேற எந்தப் பெட்டிதான் இங்கன கெடைக்கும்?” என்றாள் மனைவி.

பிரவுசிங் சென்டரிலேயே கிடந்தேன். தளத்துக்கு எத்தனை முறை எழுதினாலும் ஒரே பதில். பேச ஓர் ஆள் இல்லை. ஜனவரி தாண்டினால் டைரியை யார் வாங்குவார்கள்? பதற்றத்தில், கடைசியாக டைரி வாங்கிய சேலத்து அம்மாள் ஒருவர்தான் பொய்ப் புகார் கொடுத்திருக்கிறார் என்று, தளத்தில் எல்லோரும் பார்க்கும் பக்கத்திலேயே எழுதிவிட்டேன்.

மறுநாள், பெட்டியில் இருந்த என் எண்ணைப் பார்த்து அவரே போனில் அழைத்தார். “கூரியர்காரங்க பெட்டியைப் பார்த்துப் பயந்து புகார் பண்ணிட்டாங்க. உள்ளே டைரிதான்னு நான் படம் எடுத்து கம்பெனிக்கு அனுப்பிட்டேன். கவலைப்படாதீங்க.”

கணக்கு திறந்தது. டைரிகளும் விற்றன. நான் எழுதியதை அவர் படித்திருப்பாரோ என்ற பயம் மட்டும் இன்னும் போகவில்லை.