பின்கானில் அப்பா நட்ட வெற்றிலை

"மல எப்ப சரியும்னு மலைக்கே தெரியாது. ஒம் பொட்டிக்குத் தெரியுமா புள்ள?"

கேட்டவர் மாமா, அம்மாவின் தம்பி. கேகாலைப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில், எங்களுக்கு அடுத்த காம்பரா அவருடையது. லயத்துக்குப் பின்னால் நிற்கும் மண்மேட்டைப் பல்கலைக்கழகத்து இறுதியாண்டு ஆய்வுக்காகக் கணினியில் உருவாக்கியிருக்கிறேன் என்று சொன்னதற்குத்தான் அந்தக் கேள்வி. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆள் நான். என் படிப்பைப் பார்த்து யாராவது சிரித்தால் எனக்குப் பொறுக்காது.

"அது தெரியாது மாமா. எது அசைஞ்சா மேடு அசையும்னு சொல்லும்" என்றேன்.

மண்ணின் ஒட்டும் தன்மை, மேட்டின் சரிவு, உள்ளே நிற்கும் நீரின் மட்டம். இவற்றில் ஒன்றை மட்டும் சிறிது மாற்றி, மற்றவற்றைத் தொடாமல், மேட்டின் தாங்கும் பலம் எவ்வளவு மாறுகிறது என்று பார்க்க வேண்டும். உணர்திறன் பகுப்பாய்வு என்பது அவ்வளவுதான். முதலில் வெயில் காலத்து அளவுகளை வைத்தேன். நீர்மட்டத்தைக் கூட்டினாலும் குறைத்தாலும் விடை அசையவில்லை. நிம்மதியாக இருந்தது.

ஆனால் இந்த முறையில் கிடைக்கும் விடை, எந்த நிலையில் நின்று கேட்கிறோமோ அந்த நிலைக்கு மட்டுமே பொருந்தும். அடைமழை நிலைக்கு மாறி மறுபடி கேட்டேன். நீர் ஒரு சாண் ஏறியதற்கே மேட்டின் பலம் மளமளவென்று இறங்கியது.

அந்த நீரை வடிக்க முன்பு லயத்தின் பின்னால் ஒரு வடிகால் கான் ஓடியது. கான் வெட்ட ஆள் விடுவதைத் தோட்டத்தில் நிறுத்திய பிறகு, தண்ணீர் தேங்கி நுளம்பு பெருகியது. ஆளாளுக்குத் தங்கள் காம்பராவின் பின்பக்கத்துத் துண்டை மண்போட்டு மூடிக் கத்தரி நட்டார்கள். அப்பா வெற்றிலை நட்டார். எங்களுடையது கடைசிக் காம்பரா. கான் ஓடைக்குத் திறக்கும் வாய் எங்கள் துண்டில்தான் இருந்தது. அது மூடிக் கிடக்கும்வரை மற்றவர்கள் வெட்டியும் பயனில்லை.

முந்தைய வருடம்தான் அப்பா காய்ச்சலில் இறந்திருந்தார்.

"கொடிய எடுக்கணும்மா."

அம்மா அடுப்பிலிருந்து திரும்பவில்லை. "அவரு தண்ணி ஊத்துன கொடி. அவருதான் இல்ல, அதும் வேணாமா ஒனக்கு?"

"மழைக்கு மேடு வந்து விழுந்தா?"

"விழட்டும். எனக்கு இனி என்னா இருக்கு?"

"நான் இருக்கேன்ல!"

 வாசலில் நின்ற மாமா குறுக்கே பேசினார். "அக்கா, மச்சான் இருந்திருந்தா, எம்புள்ள சொல்லுதுன்னு மொத ஆளா மம்பட்டியத் தூக்கியிருப்பாரு. எங் கத்தரிப் பாத்தியும்தான் போவுது. நான் அழுவுறேனா?"



காலையில் பார்த்தபோது, கொடிகள் கம்புகளிலிருந்து அவிழ்க்கப்பட்டு ஈரச் சாக்கில் சுற்றி வைக்கப்பட்டிருந்தன. ஒரு கணுக்கூட ஒடியவில்லை. அம்மா என்னிடம் சொல்லாமலே ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போயிருந்தார்.

ஓடைப் பக்கமிருந்து வெட்டத் தொடங்கினேன். அப்பா ஊன்றிய கம்புகள் லேசில் வரவில்லை. ஒவ்வொன்றாகக் கட்டிப்பிடித்து, அழுதுகொண்டே ஆட்டிப் பிடுங்கினேன். கானின் வாயைத் திறந்துவிட்டேன்.