ஸ்டெல்லா அக்காவின் முன் பிரேக்

எங்கள் அச்சகத்துக்குச் சாவுச் செய்தி வழக்கமாக வாட்ஸ்அப்பில்தான் வரும். ஒரு புகைப்படம், பெயர், வயது, அடக்கம் எத்தனை மணிக்கு. படத்தைக் கணினியில் ஏற்றி, பின்னணியை வெட்டி, 'கண்ணீர் அஞ்சலி' என்ற எழுத்துக்குக் கீழே பொருத்துவது என் வேலை. அன்று காலை ஒன்பதரைக்கு வந்த படத்தையும் அப்படித்தான் ஏற்றினேன். தோள்பக்கம் பாதி வெட்டிய பிறகுதான் அது யார் என்று புத்திக்கு எட்டியது. பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. ஸ்டெல்லா அக்காவுக்கு இன்று நேரமாகிவிட்டது போலிருக்கிறது என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். எங்களுக்கு முன்பே தெரிந்திருக்கும் என்று எண்ணி அவருடைய தம்பி போஸ்டருக்குப் படம் அனுப்பியிருந்தார்.

செஞ்சியில் கல்யாணப் பத்திரிகை அடித்த பலருக்கும் அக்காவைத் தெரியும். பத்தொன்பது வருடம் இங்கே பிழை திருத்தினார். நான் சேர்ந்த புதிதில் ஒரு போஸ்டரில் வயதை உத்தேசமாகப் போட்டுவிட்டேன். "கேட்டுட்டு எழுது. குத்துமதிப்பா போடாத. செத்தவங்க வந்து திருத்தமாட்டாங்க" என்றார். அவருடைய போஸ்டரில் நாற்பத்தாறு என்று போடுமுன் தம்பியிடம் இரண்டு முறை கேட்டேன்.

போலியோவில் கால்கள் இரண்டும் சூம்பியவர், கக்கத்தில் கட்டை ஊன்றித்தான் நடப்பார். அவருடைய மூன்று சக்கர வண்டியை இந்த ஊரில் பார்க்காதவர்கள் குறைவு. முன்பாதி பழைய மோட்டார் சைக்கிள், பின்பாதி லோடு ஆட்டோவின் அச்சும் இரண்டு சக்கரங்களும். எப்படி வேண்டும் என்று அக்கா தாளில் வரைந்து கொடுக்க, திண்டிவனம் சாலையில் பட்டறை வைத்திருக்கும் காதர் பாய் வெல்டிங் செய்தார். பக்கச் சக்கரம் மாட்டிய ஸ்கூட்டர்தான் கிடைக்கிறதே என்று ஒருமுறை கேட்டேன். "அது ஸ்கூட்டருக்கும் கட்டை குடுத்த மாரி இருக்குது. எங்கிட்ட இருக்கற கட்டையே போதும்" என்றார்.

ஓடுவதென்னவோ நன்றாக ஓடியது. நிற்பதில்தான் சங்கடம். காலால் மிதிக்க முடியாதவருக்கு எதற்கு என்று மிதி பிரேக்கைப் பாய் கழற்றிவிட்டிருந்தார். மிச்சம் இருந்தது கையால் பிடிக்கும் முன் பிரேக் மட்டும். மோட்டார் சைக்கிளை நிறுத்தச் செய்த பிரேக் அது. இந்த வண்டியோ அதைப்போல இரண்டு மடங்கு கனம். பிடி ஹேண்டில்பாரைத் தொடும் வரை அழுத்தினாலும் வண்டி தன்பாட்டுக்கு உருளும். ஒருநாள் கோட்டை மலைகளுக்கு நடுவே வரும் சாலையில் நிற்காமல் ஓரத்து மணல் குவியலில் ஏறி நின்றது. புடவையெல்லாம் மணலோடு கடைக்குள் வந்தவர், "கொட்டி வெச்ச புண்ணியவான் நல்லா இருக்கணும்" என்று சிரித்தார். எனக்குக் கோபம் வந்தது. "இத்தினி வருசமா பஸ்காரன் நிறுத்துவானான்னு பாத்துனு இருந்தேன். இப்ப நானே நிறுத்துவனான்னு பாக்கறேன். அவ்ளோதான், வுடு" என்றார்.

நான் விடவில்லை. மனத்தை அரிப்பது எதுவானாலும் அதைப் பற்றிக் கிடைப்பதையெல்லாம் படித்துவிடும் பழக்கம் எனக்கு. ஒரு வாரம் பிரேக்குகளைப் பற்றிப் படித்தேன். நிற்கும்போது பாரம் முன்சக்கரத்துக்கு வருகிறது, அங்கே டிஸ்க் பிரேக் வேண்டும் என்று பாயிடம் போய்ச் சொன்னேன்.

"பொஸ்தகத்துல போட்டுக்குதா? அப்ப பொஸ்தகமே வந்து வெல்டிங் பண்ணுமா?" என்றார் பாய்.

"பாய், இந்தப் பொண்ணு ஒண்ண புடிச்சா வுடாது. செஞ்சி குடுத்துடுங்க" என்றார் அக்கா.

அடிபட்ட பைக் ஒன்றிலிருந்து முன்பக்கம் முழுவதையும் டிஸ்க்கோடும் பிடியோடும் பாய் கழற்றி வந்தார். ஒரு ஞாயிறு, அக்கா சர்ச்சில் பூசை முடிந்து நேராகப் பட்டறைக்கு வந்தார். பொருத்திய பிறகும் பிடி பஞ்சுபோல அமுங்கியது. ஆயில் குழாயில் காற்று இருக்கிறது என்றார் பாய். அவர் கீழே உட்கார்ந்து திருகைத் திறந்து மூட, நான் பிடியை இயக்கினேன். "அழுத்து. புடிச்சிக்கோ. இப்ப வுடு." எத்தனை தடவை என்று தெரியாது, விரல்கள் மரத்த பிறகுதான் பிடி இறுகியது. ஓட்டிப் பார்த்தபோது முன்சக்கரம் மணலில் வழுக்கியது. பாரம் முன்னால் விழும்படி இருக்கையை ஒரு சாண் தள்ளி வைத்தோம்.

பிறகு தரையில் சாக்பீஸ் கோடு போட்டு அக்காவை வேகமாக வரச் சொன்னோம். பழைய பிரேக்கில் கோட்டைத் தாண்டி எட்டடி போகும் வண்டி, கோட்டின் மேலேயே நின்றது.

"ஏய், நிக்குதுடி!"

"பாத்தும்மா, ஹேண்டில் மேல குந்திடப்போற" என்றார் பாய்.

நான் படித்த ஒன்று கண்ணெதிரே பலித்தது அன்றைக்குத்தான். ஒரு வாரம் அந்தக் கர்வத்தோடு திரிந்தேன்.

பிரேக் மாற்றிய பதினோராம் நாள் மாலை, அக்கா வேலை முடிந்து வீடு திரும்பும் வழியில், சாலையில் ஆட்டு மந்தை குறுக்கிட்டது. ஆடு மேய்த்தவர் அடக்கத்துக்கு வந்திருந்தார். "ஒரு குட்டிக்குக்கூட அடி படல. சக்குனு நின்னுச்சி வண்டி" என்று கேட்பவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். பின்னால் வந்த வேன் நிற்கவில்லை. அதே வேனில்தான் ஓட்டுநர் அக்காவைத் தூக்கிக்கொண்டு ஓடினார். விழுப்புரம் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருமுன் உயிர் போய்விட்டது.

"பின்னாடி லைட்டு எரியலண்ணா. நிக்கப்போறாங்கன்னு எனக்கு எப்டி தெரியும்?" என்று ஓட்டுநர் தம்பியிடம் அழுதாராம். கல்லறைத் தோட்டத்தில் அவரைத் திட்டாதவர்கள் இல்லை. நானும் திட்டினேன்.

அவர் சொன்னது உண்மை. இதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

அந்த வண்டியில் நிற்பதைக் காட்டும் சிவப்பு விளக்கை எரியவைத்தது மிதி பிரேக். அதைக் கழற்றியபோதே விளக்கும் போயிற்று. மெல்ல மெல்ல நின்ற வண்டிக்கு அது இல்லாதது யாருக்கும் தெரியவில்லை. புதிய பிடியின் அடியில் அதற்கென்றே இரண்டு ஒயர்கள் இருந்தன. அடுத்த ஞாயிறு இணைத்துக்கொள்ளலாம் என்றார் பாய். மழைத்தண்ணீர் படக்கூடாதென்று அவற்றின் முனையில் நான் கறுப்பு டேப்பைச் சுற்றினேன். அடுத்த ஞாயிறு மூன்று பேருக்குமே அந்த நினைவு வரவில்லை. வண்டிதான் நிற்கிறதே.

பாயும் நானும் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் வண்டியைப் பார்த்தோம். பின்பக்கம் நசுங்கிக் கிடந்தது. முன்பக்கத்தில் ஒரு கீறல் இல்லை. "பத்து நிமிஷ வேலம்மா" என்று சொல்லிவிட்டுப் பாய் தரையில் உட்கார்ந்துவிட்டார். நடந்ததை அங்கிருந்த காவலரிடம் சொன்னேன், எழுதிக்கொண்டார். தம்பியிடமும் சொன்னேன். அதன்பிறகு அவர் என் அழைப்பை எடுப்பதில்லை. எடுக்க வேண்டும் என்று கேட்க எனக்கு வாயில்லை.

அக்காவை அறிந்தவர்களே, அந்த ஓட்டுநரை இனி ஏசாதீர்கள். உங்களிடம் அக்காவின் சிரிப்பு இருக்கும், அவர் திருத்திக்கொடுத்த பத்திரிகை இருக்கும். என்னிடம் இருப்பது, சுற்றிய டேப் பிரிந்துவிடக்கூடாதென்று கட்டைவிரலால் அழுத்திவிட்ட அந்த ஒரு நொடி. நன்றாகத்தான் அழுத்தியிருக்கிறேன். அது பிரியவே இல்லை.