அக்கா கும்பிட்ட கறுப்பு மலை

மிளகாய் அரைக்க மில்லுக்குப் போயிருந்தபோதுதான் சேதி வந்தது. எனக்கு முன்னால் இரண்டு பேருடைய டப்பா இருந்தது. முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு நின்றிருந்தேன். பின்னால் வந்த பூக்காரம்மா, "தெரியுமா தனம், உங்க ஜாம்பியா அக்கா காலைல தவறிட்டாங்களாம். தூக்கத்துலயே போயிட்டாங்களாம்" என்றார். மிளகாய் மில்லில் யார் கண்ணில்தான் தண்ணீர் வராது? அதனால் நான் அழுததை ஒருவரும் கவனிக்கவில்லை. டப்பாவை அங்கேயே விட்டுவிட்டு ஓடினேன்.

வெள்ளிக்கிழமை விளக்குப் பூஜைக்கு வருகிற நம் எல்லோருக்கும் அக்காவைத் தெரியும். ஆனாலும் கூட இருந்தவள் என்று என்னை எழுதச் சொன்னீர்கள். நான் எட்டாவதோடு நின்றவள். மீதியை மளிகைப் பொட்டலம் மடித்து வந்த காகிதங்களில் படித்தவள். வீட்டுக் கணக்கைத் தவிர வேறு எதையும் எழுதியதில்லை. அக்காவைப் பற்றி அழுது எழுதினால் அவருக்குப் பிடிக்காது. அவர் எப்படி இருந்தாரோ அப்படியே எழுதுகிறேன்.

சுலோசனா என்ற பெயரில் அவரைக் கூப்பிட்டவர்கள் கம்மி. அவர் கணவர், நாங்கள் அண்ணன் என்று கூப்பிடுகிறவர், ஜாம்பியா நாட்டுத் தாமிரச் சுரங்கத்தில் ஆறு வருஷம் எலெக்ட்ரீஷியனாக இருந்தார். இருவரும் திரும்பி வந்து பெரிய கோயிலுக்குப் பின்னால் வீடு வாங்கினார்கள். அன்றிலிருந்து ஊருக்கு அவர் ஜாம்பியா அக்காதான். அந்த வீட்டின் பின்கட்டில் நானும் என் கணவரும் குழந்தை செல்வியும் வாடகைக்கு இருந்தோம். முன்கட்டுக்கும் பின்கட்டுக்கும் நடுவில் ஒரு கதவு. தினம் பதினோரு மணிக்கு அக்கா அதைத் தட்டி, "இன்னா குழம்பு?" என்பார். அவருக்குப் பிள்ளைகள் இல்லை. செல்வி பாதி நாள் அவர் இடுப்பில்தான் இருப்பாள்.

எழுபதுகளின் கடைசியில் நம் தெருக்களில் வெளிநாட்டுப் பேச்சு ஜாஸ்தியாகியிருந்தது. துபாய், மஸ்கட் என்று யாருக்காவது வேலை வந்தால், அந்த வீட்டுப் பெண் முதலில் அர்ச்சனைத் தட்டோடு கோயிலுக்குப் போவாள். அங்கிருந்து நேரே அக்காவிடம் வருவாள். அக்கா போ என்றும் சொல்லமாட்டார், போகாதே என்றும் சொல்லமாட்டார். "காலைல கதவைத் தொறந்ததும் உனக்கு இன்னா தெரியணும்? அதைச் சொல்லு முதல்ல" என்பார். பாதிப் பேர் விழிப்பார்கள். ஒருத்தி மட்டும் யோசிக்காமல், "எங்க மாமியார் தெரியக்கூடாதுக்கா" என்றாள். "அப்ப நீ இன்னைக்கே கிளம்பு" என்றார் அக்கா.

அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்பது உங்களுக்கெல்லாம் தெரியும். எத்தனை தடவை சொல்லியிருப்பார். நம் ஊரில் கதவைத் திறந்ததும் கை தானாக அண்ணாமலையார் மலையைப் பார்த்துக் குவியும். ஜாம்பியாவில் முதல் நாள் காலையில் அக்கா கதவைத் திறந்திருக்கிறார். எதிரே தூரத்தில் கறுப்பாக ஒரு மலை. இங்கேயும் வந்துவிட்டாயா என்று கும்பிட்டுவிட்டார். தினமும் கும்பிட்டார். அந்தப் பக்கம் காவலுக்கு இருந்த ஆள், இந்தம்மா தனக்குத்தான் வணக்கம் சொல்கிறார் என்று நினைத்து, தொப்பியைக் கழற்றித் தலை குனிவானாம். சில மாதம் கழித்துத்தான் அண்ணன் கவனித்திருக்கிறார்.

"அடியே, அது மலை இல்ல. தாமிரம் உருக்கின கசடைக் கொட்ற குப்பை மேடு."

"அதுக்கு இன்னா இப்ப? கும்பிட ஆரம்பிச்சாச்சு. பாதில நிறுத்தினா அந்த வாட்ச்மேன் மனசு கஷ்டப்படும்."

அந்த வருஷக் கார்த்திகை வந்தது. மலை உச்சியில் தீபம் தெரிந்த பிறகுதானே நாம் வீட்டு விளக்கை ஏற்றுவோம்? அக்கா விரதமிருந்து, கோலம் போட்டு, அகல்களில் எண்ணெய் ஊற்றி வாசலில் நின்றுவிட்டார். எதைப் பார்த்து ஏற்றுவது? கடிகாரத்தைப் பார்த்து ஏற்று என்றார் அண்ணன். அக்கா அசையவில்லை. இருட்டுகிற நேரத்தில் அந்தக் கறுப்பு மேட்டின் உச்சியில், உருகிய கசடைத் தொட்டி வண்டியிலிருந்து கவிழ்த்தார்கள். உச்சியிலிருந்து சரிவு வரைக்கும் நெருப்பு சிவப்பாக இறங்கியது. அக்கா நடுத்தெருவில் நின்று அண்ணாமலையாருக்கு அரோகரா என்று கத்திவிட்டு எல்லா விளக்கையும் ஏற்றினாராம். "கசடுன்னு இவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தெரிஞ்சா இன்னா? நேரத்துக்கு வந்துச்சா இல்லியா?" என்பார்.

நான் இதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்த நாளில்தான் எங்கள் வீட்டுக்கும் அந்தப் பேச்சு வந்தது. என் கணவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். ஜாம்பியாப் பள்ளிகளுக்கு வாத்தியார்கள் தேவை என்று பேப்பரில் வந்த விளம்பரத்தை அண்ணன்தான் வெட்டிக்கொண்டு வந்து கொடுத்தார். மெட்ராஸில் நேர்காணல் நடந்தது. மூன்று வருஷத்துக்கு எடுத்துக்கொண்டார்கள், குடும்பத்தோடு வரலாம் என்றார்கள். ஒரு மாதத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். "உனக்குச் சம்மதம்னா போலாம். இல்லன்னா விட்டுடலாம், எனக்கு வருத்தமில்ல" என்றார் என் கணவர். முகத்தில் வருத்தம் இருந்தது.

நான் கணக்கு எழுதிப் பார்த்தேன். போவதால் வருவது ஒரு பக்கம், போவதால் போவது இன்னொரு பக்கம். இரண்டும் சமமாக நின்றது. கணக்கு சமமாக வந்தால் எனக்குச் சந்தோஷமாக இருக்கும். அன்று அழுகைதான் வந்தது. அக்கா எட்டிப் பார்த்தார். "அண்ணாமலையாரை எந்தப் பக்கம் எழுதியிருக்க? அவருக்கு இன்னா விலை போட்ட?" என்றார். நான் அவரை எழுதவே இல்லை. எனக்கு இருந்த பயமே அதுதான். பிறந்ததிலிருந்து மலையைப் பார்க்காமல் ஒரு நாள் விடிந்ததில்லை. அங்கே போனால் சாமி இங்கே, நான் அங்கே என்று ஆகிவிடுமே.

"சரி, போய்ப் பாத்துட்டு வந்துடு" என்றார் அக்கா.

"எங்கக்கா?"

"இந்தப் பின்கட்டுதான் ஜாம்பியா. பதினஞ்சு நாள். நடுக்கதவைச் சாத்திடு. மலைப்பக்க ஜன்னலையும் சாத்திடு. கோயில் கிடையாது. கீழ்பென்னாத்தூர்ல அம்மா வீடு கிடையாது. கருவேப்பிலைக்கு என் மரத்தாண்ட வராத, அங்க மரம் கிடையாது. நானும் கிடையாது."

"கோயில் மணிச் சத்தம் கேக்குமே?"

"ரேடியோவைப் போடு."

"செல்வி?"

"அவளும் ஜாம்பியாதான்" என்று குழந்தையைப் பார்க்காமலே சொன்னார்.

மறுநாள் கதவும் ஜன்னலும் சாத்தியாகிவிட்டது. பட்டப்பகலில் வீடு சாயங்காலம் மாதிரி இருந்தது. கருவேப்பிலை இல்லாமல் ரசம் வைத்தேன். என் கணவர் வித்தியாசமே தெரியாமல் சாப்பிட்டு எழுந்தார். எனக்கு அது வேறு வருத்தம். நாங்கள் சந்துப் பக்கக் கதவு வழியாகத்தான் போய் வந்தோம். ஒரு நாள் தெருவில் அவர் அக்காவைப் பார்த்து, "சௌக்கியமாக்கா?" என்று கேட்டிருக்கிறார். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு, "சார், நீங்க ஜாம்பியாவுல இருக்கீங்க. என்கிட்ட பேசக்கூடாது" என்றாராம்.

நடுவில் பௌர்ணமி வந்தது. மாதா மாதம் அக்காவோடும் தெருப் பெண்களோடும் வெறுங்காலில் மலை சுற்றுகிற நாள். முன்வாசலில் பெண்கள் வந்து அக்காவைக் கூப்பிடுகிற சத்தம் கேட்டது. நான் அடுப்படியில் உட்கார்ந்துவிட்டேன். செல்வி வந்து, "நாம மலை சுத்தலியாம்மா?" என்றாள். எழுந்து அரிசி டிரம்மை உருட்டிக் கூடத்தின் நடுவில் நிறுத்தினேன். விபூதி பூசி, மேலே ஒரு அகல் ஏற்றினேன். நானும் அவளுமாகச் சுற்ற ஆரம்பித்தோம். மலையைச் சுற்றி எட்டு லிங்கம் உண்டே, அதற்கும் இடம் வைத்தோம். அம்மிக்குழவி இந்திர லிங்கம், தண்ணீர்க் குடம் அக்னி லிங்கம், பீரோ யம லிங்கம். அடுத்த மூலையில் என் கணவர் காலை நீட்டிக்கொண்டு பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தார்.

"காலை மடக்குங்க. நிருதி லிங்கம் வர்ற இடம்."

"நானே நிருதி லிங்கமா இருந்துட்டுப் போறேன், சுத்திக்கினு போங்க" என்றார்.

செல்வி அவர் நெற்றியிலும் விபூதி பூசினாள். சிரித்துச் சிரித்துச் சுற்றி முடித்தபோது எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. டிரம்முக்கு முன்னால் விழுந்து கும்பிட்டேன். என்னை விட்டுவிட்டு இங்கேயே தங்கிவிடுகிற சாமி இல்லை அவர் என்று தெரிந்துவிட்டது. ஆனால் மறுநாள் காலையில் பதினோரு மணி அடித்தபோது என் காது நடுக்கதவிலேயே இருந்தது. யாரும் இன்னா குழம்பு என்று கேட்காத வீட்டில் எதற்குக் குழம்பு வைப்பது?

அப்போது கதவு தட்டப்பட்டது. திறந்தேன். அக்கா கையில் தூக்கோடு நின்றார்.

"வெளிநாட்டுக்குப் பார்சல் வந்திருக்கு. வத்தக்குழம்பு."

"பதினஞ்சு நாள் ஆகலியே அக்கா?"

"கப்பல் சீக்கிரம் வந்துடுச்சு" என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்து செல்வியைத் தூக்கிக்கொண்டார்.

"நேத்து மலை சுத்தப் போனீங்களா?"

"போவல. கால் வலின்னு சொல்லிட்டேன்."

"கால் வலிக்குதா?"

"வலியும் இல்ல ஒண்ணும் இல்ல. செவுத்துல காதை வச்சிக்கினு உக்காந்திருந்தேன். நிருதி லிங்கம் வரைக்கும் கேட்டுச்சு" என்றவர், கொஞ்ச நேரம் குழந்தையின் சடையை அவிழ்த்துப் பின்னிக்கொண்டிருந்தார். "நீ பாஸாயிட்ட தனம். நான்தான் ஃபெயில்."

"அப்ப நான் போகலக்கா."

அவ்வளவுதான், அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. "அதைத் தூக்கி என் தலைல போடாத. நாளைக்கு உன் வீட்டுக்காரர் மூஞ்சில நான் முழிக்கவேணாமா? அங்க எனக்கு இன்னா கஷ்டம் தெரியுமா? குளிரும் கஷ்டமில்ல, சாப்பாடும் கஷ்டமில்ல. யாராவது வந்து கதவைத் தட்டுவாங்கன்னு உக்காந்துக்கினு இருந்ததுல முழுசா ஒரு வருஷம் போச்சு. நீ அப்படி உக்காராத. தட்ட ஆள் வரலன்னா நீ போய்த் தட்டு." பிறகு எழுந்துபோய் மலைப்பக்க ஜன்னலைத் தானே திறந்துவிட்டார். வெளிச்சத்தில் கண் கூசியது. அன்று சாயங்காலம் என் கணவரிடம் போகலாம் என்றேன்.

போனோம். எங்கள் பள்ளிக்கூடம் இருந்த ஊர் தட்டையான மக்காச்சோளக் காடு. முதல் நாள் கதவைத் திறந்தால் அக்காவுக்குக் கிடைத்த குப்பை மேடுகூட எனக்கு இல்லை. உயரமாக இருந்தது பள்ளிக்கூடத்துத் தண்ணீர் டாங்க் ஒன்றுதான். அதையே கும்பிட்டேன். இதைக் கடிதத்தில் எழுதியபோது, "டாங்க் பரவாயில்லை, அவருக்கு உள்ளே ஜில்லென்று இருக்கும்" என்று அக்கா பதில் போட்டார்.

சுலபமாக இருந்தது என்று சொல்லமாட்டேன். ஆனி மாதத்தில் குளிர் எலும்பைப் பிடிக்கும். துவரம்பருப்பு வேண்டுமென்றால் பஸ் ஏறிப் பட்டணத்துக்குப் போகவேண்டும். செல்வி பள்ளிக்கூடத்தில் பல வாரம் வாயே திறக்கவில்லை. அக்கா சொன்ன மாதிரியே ஒருவரும் வந்து கதவைத் தட்டவில்லை. ஒரு நாள் பதினோரு மணிக்கு ரசத்தை எடுத்துக்கொண்டு நானே போய் பக்கத்து வீட்டைத் தட்டினேன். அந்த ஊர்ப் பெண், அவரும் வாத்தியார். ரசத்தை முகர்ந்து பார்த்து மருந்து என்று நினைத்துக்கொண்டார். இருமிக்கொண்டிருந்த தன் மகனுக்கு மூன்று வேளை கொடுத்துவிட்டார். பையனுக்கு இருமல் நின்றுவிட்டது. அதன்பிறகு அந்தத் தெருவில் யார் இருமினாலும் பாத்திரத்தோடு என் கதவைத் தட்டினார்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளைகளோடு விளையாடித்தான் செல்விக்கு வாய் திறந்தது. மூன்று வருஷம் ஆறு வருஷமாயிற்று.

திரும்பி வந்து வேங்கிக்கால் பக்கம் வீடு கட்டினோம். புதுமனைக்கு வந்த அக்கா வேறெதையும் பார்க்கவில்லை. நேரே வாசலில் போய் நின்றார். "பக்கத்து வீடு மறைக்குது. மாடி ஏறினாதான் மலை தெரியுது. இதுக்கா அவ்ளோ தூரம் போயி சம்பாரிச்ச?" என்றார். பிறகு செல்வியின் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக மாடி ஏறினார். மேலே நெடுநேரம் நின்று கும்பிட்டார். அவர் என் வீட்டுக்குக் கடைசியாக வந்தது அப்போதுதான்.

அக்காவின் காரியம் முடிந்த வாரம், மலையை மறைக்கிற அந்தப் பக்கத்து வீட்டுப் பெண் என்னைத் தேடி வந்தாள். கல்யாணமாகி ஒரு வருஷம்தான். கணவனுக்கு மஸ்கட்டில் வேலை. "போலாமாக்கா?" என்று கேட்டாள். அக்கா மாதிரியே முகத்தை வைத்துக்கொண்டு, கதவைத் திறந்ததும் என்ன தெரியவேண்டும் என்று கேட்டேன். விழித்தாள். ஜன்னலைச் சாத்து, என் வீட்டுப் பக்கம் வராதே, பதினைந்து நாள் என்று சொல்லி அனுப்பினேன்.

அக்கா ஒரு வாரத்துக்கு மேல் தாங்கினார். என்னால் அவ்வளவுகூட முடியவில்லை. மூன்றாம் நாள் பதினோரு மணிக்கு ரசத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டேன். அந்தப் பெண் கதவைத் திறந்து, "இன்னாக்கா, அதுக்குள்ளயா?" என்றாள்.

அக்காவின் வாய் எனக்கு வரவில்லை, இனிமேலும் வராது. கதவைத் தட்டுகிற அந்தக் கை மட்டும் வந்திருக்கிறது. அதை வைத்துக்கொள்கிறேன்.

"கப்பல் சீக்கிரம் வந்துடுச்சும்மா" என்றேன்.